எந்த ஸ்டேஷனில் இறங்குவது

சென்னைக்கு வேலை மாறி வருகிற குடும்பங்கள் எங்கே வீடு தேடுகின்றன என்று கவனித்தால் ஒன்று புலப்படும். நெல்லை, தூத்துக்குடி, மதுரைப் பக்கத்துக்காரர்கள் பெரும்பாலும் தாம்பரத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் தேடுகிறார்கள். வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர்க்காரர்கள் ஆவடி, திருநின்றவூர் என்று மேற்குத் தடத்தில் இறங்குகிறார்கள். யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற காரியமில்லை இது. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பேருந்து எந்தப் பக்கம் நிற்கிறதோ, நள்ளிரவில் அப்பாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தால் எந்தச் சாலையில் உடனே வண்டி ஏற முடியுமோ, அந்தப் பக்கமாகவே கால் போகிறது. பெருங்களத்தூர் பல காலம் தென்மாவட்டத்துக்காரர்களின் வாசலாக இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு அந்த வாசல் இன்னும் சற்றுத் தெற்கே தள்ளிப்போயிருக்கிறது. வீடு தேடுகிறவர்களும் அதன் பின்னாலேயே போகிறார்கள்.

விட்டு வந்த ஊரின் திசையிலேயே குடியேறுவது இயல்பு. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீடு தேடும்போது நம் கண் இரண்டே இடங்களில்தான் நிற்கிறது. பின்னால் சொந்த ஊர், முன்னால் அலுவலகம். இரண்டுக்கும் நடுவில், நாம் தூங்கி எழப்போகிற, பிள்ளைகள் வளரப்போகிற, பெற்றோர் கடைசிக் காலத்தைக் கழிக்கப்போகிற அந்த ஊரை ஓர் ஊராக நாம் பார்ப்பதே இல்லை. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு வாடகை, தண்ணீர் வருமா என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அந்த நடு ஊரைப் பற்றித்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

முதலில் கிலோமீட்டர் கணக்கு. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர், செங்கல்பட்டு 60. சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் 42, அரக்கோணம் 69. இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. தெற்குத் தடத்தில் தாம்பரம் வரைக்கும் வண்டி நெருக்கமாக ஓடுகிறது. ஒன்றை விட்டால் அடுத்தது பின்னாலேயே வரும். தாம்பரத்தைத் தாண்டினால் இடைவெளி கூடிவிடும். அதனால் பெருங்களத்தூரில் குடியிருப்பவருக்கும் தாம்பரத்தில் குடியிருப்பவருக்கும் தூரத்தில் ஒரே ஒரு ஸ்டேஷன்தான் வித்தியாசம். வாழ்க்கையில் அதைவிடப் பெரிய வித்தியாசம்.

மாலை ஏழு மணிக்குத் தாம்பரம் நடைமேடையில் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும். கடற்கரையிலிருந்து வந்த வண்டி தாம்பரத்தோடு நின்றுவிடும். பாதிக் கூட்டம் படியேறி வெளியே போய்விடும். மீதிப் பாதி அங்கேயே நின்றுகொண்டிருக்கும். கதவு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த இடத்தில் முன்கூட்டியே போய் நின்றுகொள்வார்கள். பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்பார்கள். "செங்கல்பட்டு எப்ப வரும்?" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்பார். "இப்பதான் ஒண்ணு போச்சு" என்பார் பக்கத்தில் இருப்பவர், தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. அந்தக் காத்திருப்பு எந்த மனை விளம்பரத்திலும் இருக்காது. "ஸ்டேஷன் பத்து நிமிஷம்தான் சார்" என்று தரகர் சொல்கிற பத்து நிமிஷம் மோட்டார் சைக்கிள் நிமிஷம். நடந்தால் அரை மணி நேரம். மழையில் நடந்தால் என்னவென்று சொல்ல முடியாது.

இந்தக் காத்திருப்பை யார் சுமக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற குடும்பத்தில் பெரும்பாலும் கணவனின் அலுவலகத்தை வைத்தே ஸ்டேஷன் முடிவாகிறது. மனைவியின் வேலை அதற்கேற்ப வளைந்துகொடுக்க வேண்டியிருக்கிறது. சில வருடங்களில் அந்த வேலையே போய்விடுவதும் உண்டு. நான் அறிந்த பல வீடுகளில் ஒரு பெண் வேலையை விட்டதற்கான காரணம் சம்பளமோ குழந்தையோ மட்டுமல்ல. இரவு ஒன்பதரைக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு வருகிற வழியில் விளக்கு இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை. ஆகவே வீடு பார்க்கிறபோது, அந்த வீட்டில் கடைசியாகத் திரும்பப்போகிறவர் யாரோ அவர் தனியாக, அவர் திரும்புகிற நேரத்தில், அந்த வழியை ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் குடும்பத்தோடு காரில் போய்ப் பார்ப்பது வீட்டைப் பார்ப்பது ஆகாது.

சென்னையில் ரயிலை நம்பிக் குடியேறுகிற பழக்கம் புதிதல்ல. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போனது. கடற்கரை - தாம்பரம் மீட்டர்கேஜ் தடத்தில் 1931-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், குரோம்பேட்டை என்று அந்தத் தடம் நெடுகிலும் குமாஸ்தாக் குடும்பங்கள் வீடு கட்டின. அந்த மீட்டர்கேஜ் வண்டிகள் 2004 ஜூலையில் ஓய்வு பெற்றன. அவை உருவாக்கிய ஊர்கள் இன்று புறநகர் என்று சொல்ல முடியாத அளவுக்கு நகரத்துக்குள் வந்துவிட்டன.

ஆனால் அந்தக் குடியேற்றத்தின் தொடக்கத்தில் இருக்கிற ஒரு செய்தி எனக்கு முக்கியமாகப் படுகிறது. தியாகராய நகர் 1920-களில் மனை மனையாகப் பிரிக்கப்பட்டபோது அங்கே இருந்தது ஒரு பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரி. அதை வற்றவைத்துத்தான் தெருக்கள் போட்டார்கள். பட்டணத்துக்கு வெளியே வசதியாக ஒரு குடியிருப்பு வேண்டும் என்றபோது முதலில் கண்ணில் பட்டது ஏரிதான். நூறு ஆண்டுகளாக அதே காரியத்தைத்தான் இன்னும் தெற்கே, இன்னும் மேற்கே தள்ளித் தள்ளிச் செய்துகொண்டிருக்கிறோம்.

2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்த வெள்ளம் என்றே பலரும் இன்றும் சொல்கிறார்கள். ஆனால் செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேர்வது திருநீர்மலைக்கு அருகே, முடிச்சூரைத் தாண்டிக் கீழே. முடிச்சூருக்கு வந்தது ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிறைந்து கலங்கல் வழியாக வழிந்த தண்ணீர். அந்தத் தண்ணீர் எப்போதும் வருகிற வழியில்தான் வந்தது. வழியில்தான் வீடுகள் வந்துவிட்டன.

செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலப் பொறியாளர் அன்றைய செங்கல்பட்டு ஜாகிரின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஆய்வாளர் தரம்பால் போன்றவர்கள் பிற்காலத்தில் அந்தக் கணக்குகளை எடுத்து ஆராய்ந்தார்கள். ஒவ்வோர் ஊரின் விளைச்சலிலும் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்று அதில் இருக்கிறது. கோயிலுக்கு, தச்சருக்கு, கொல்லருக்கு என்று பிரித்துவைத்தது போலவே ஏரியைப் பராமரிக்கவும் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தார்கள். விளைந்த நெல்லில் ஏரிக்கு ஒரு கை எடுத்துவைத்த பிறகுதான் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். அந்த ஊர்களின் நஞ்சையிலும் ஏரி உள்வாயிலும்தான் இன்றைய 'நகர்'கள் நிற்கின்றன. நாம் மாதத் தவணை கட்டுகிறோம், பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். ஏரிக்கென்று நம் கையிலிருந்து எதுவும் போவதில்லை. தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே போகும் என்று அந்தப் பழைய ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது நமக்குத் தெரிவதும் இல்லை.

தெரிந்துகொள்ள வழி இல்லாமல் இல்லை. கிராம வரைபடத்தில் ஏரியும் வாய்க்காலும் ஓடையும் குறித்திருக்கும். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் அந்த மனை ஏரிக்கு எந்தப் பக்கம், கலங்கலுக்கு எவ்வளவு தூரம் என்பது விளங்கும். பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு அங்கீகாரம் எல்லாம் சரியாக இருந்தாலும் இதைத் தனியே பார்த்தாக வேண்டும். அங்கீகாரம் பெற்ற மனையிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது. தெருவுக்குள் நடக்கும்போது வீடுகளின் அடித்தளத்தைக் கவனிக்க வேண்டும். பழைய வீடுகள் சாலைக்குக் கீழே இறங்கியும், புதிதாகக் கட்டியவை இடுப்பளவு உயர்த்தியும் இருந்தால் அந்தத் தெரு ஏதோ சொல்கிறது என்று பொருள். எல்லாவற்றையும்விட நம்பகமானவர் தெரு முனையில் இஸ்திரி போடுகிறவர். முடிச்சூர்ப் பக்கம் அப்படி ஒருவரிடம் கேட்டேன்.

"அண்ணே, 2015-ல இங்க தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சாவா கேக்குறீங்க? இந்தா, இந்த ஜன்னல் இருக்குல்ல, இதோட கீழ்க்கம்பி வரைக்கும் நின்னுச்சு சார். இஸ்திரிப் பெட்டியத் தூக்கிட்டு எதிர் வீட்டு மொட்டை மாடியில கெடந்தோம். வண்டி வச்சிருந்த இடமே தெரியல." கரி அள்ளிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "வீடு வாடகைக்கா, வாங்கவா?"

"வாங்கலாமான்னு."

"மாடின்னா பாருங்க. கீழ்வீடு வேணாம்."

எந்தப் பத்திரத்திலும் இல்லாத ஒரு தகவலை ஒரு சட்டைக்கு இஸ்திரி போடுகிற நேரத்தில் அவர் கொடுத்துவிட்டார்.

தண்ணீரைப் போலவே பார்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. அதை எளிதில் அளக்க முடியாது. சென்னை இல்லாவிட்டால் அந்த ஊர் என்னவாக இருந்திருக்கும்? 2020 மார்ச்சில் புறநகர் ரயில்கள் நின்றுபோனபோது இந்தக் கேள்வி பல்லாயிரம் வீடுகளுக்குள் தானாகவே வந்து நின்றது. மனைப்பிரிவுகளாகவே வளர்ந்த பகுதிகளில் குடியிருந்தவர்களுக்கு அன்றைக்கு மருந்துக்கும் காய்கறிக்கும் எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே பாதை ஸ்டேஷனுக்குப் போகிற பாதை. காலையில் போய் இரவில் திரும்பியதில் பக்கத்துத் தெரு எங்கே முடிகிறது என்பதைக்கூட அவர்கள் பார்த்திருக்கவில்லை. அதற்கு அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் கட்டப்பட்டிருக்கவில்லை.

செங்கல்பட்டு அப்படிப்பட்ட இடமில்லை. ரயில் பரனூரைத் தாண்டியதும் கொளவாய் ஏரியின் ஓரமாகவே ஓடும். காலைப் பயணத்தில் ஏரிப் பக்கம் உட்கார்ந்தவர்கள் போனைக் கீழே வைக்கிற இடம் அது. ஊருக்குள் நீதிமன்றம் இருக்கிறது, 1965-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 2019-இல் தனி மாவட்டமானதிலிருந்து ஆட்சியர் அலுவலகமும் இருக்கிறது. பேருந்து நிலையத்தில் நின்றால் திருக்கழுக்குன்றத்துக்கும் மதுராந்தகத்துக்கும் காஞ்சிபுரத்துக்கும் வண்டிகள் வந்தபடி, போனபடி இருக்கும். சுற்றுக் கிராமத்து மக்கள் வழக்குக்கும் வைத்தியத்துக்கும் கல்யாணச் சாமான் வாங்கவும் இங்கேதான் வருகிறார்கள். அவர்களுக்குச் சென்னையைப் பற்றிய நினைப்பே இல்லை. ஓர் ஊரின் நடுவே அந்த ஊருக்காகவே வந்த மனிதர்கள் இருந்தால், அங்கே குடியிருக்கிற முதியவர்களுக்குப் பகலில் பேச ஆள் இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் செங்கல்பட்டை, வழியிலேயே வரும் ஊரப்பாக்கத்துக்கு மேலே வைப்பேன், கூடுதல் பயண நேரம் தெரிந்தும்.

திருவள்ளூரும் அந்த வகைதான். அமாவாசைக்கு வீரராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு வருகிற கூட்டம் அந்த ஊரைச் சென்னையின் வால் என்று நினைக்கவிடாது. அரக்கோணம் ரயிலோடு வளர்ந்த ஊர். அங்கே சீசன் டிக்கெட் வைத்திருப்பது ஒரு தனி வாழ்க்கைமுறை. எந்த விரைவு வண்டி எந்த நாள் தாமதம், எந்தப் பெட்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். தெரு, கோயில், வங்கி, பள்ளி எதைப் பற்றியும் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வது அந்தப் பெட்டிக்குள்தான். புதிதாகக் குடிவந்தவர் ஒரு மாதத்துக்குள் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுவார். ஆனால் உள்ளூர் மின்சார ரயிலை மட்டும் நம்பி அரக்கோணத்திலிருந்து தினமும் போய்வருவது உடம்பைத் தேய்த்துவிடும். விரைவு வண்டி நேரத்துக்கு ஒத்துவருகிற வேலை என்றால் மட்டுமே அந்த ஊர். காஞ்சிபுரத்தை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அங்கிருந்து சென்னைக்கு ரயில் செங்கல்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு வருகிறது, வண்டிகளும் குறைவு. அன்றாடம் போய்வருகிறவர்களுக்கு அது சரிப்படாது.

மறைமலைநகரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். சென்னையின் நெரிசலைக் குறைக்கத் துணை நகரமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர் அது. வேலை, வீடு, பள்ளி எல்லாம் அங்கேயே இருக்க வேண்டும், யாரும் ரயிலேறிப் போக வேண்டியதில்லை என்பதே நோக்கம். நல்ல நோக்கம் என்று இன்றும் நினைக்கிறேன். தெருக்கள் அகலம், மரங்கள் இருக்கின்றன. ஃபோர்டு ஆலை வந்தபோது அந்த ஊருக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்தது போல இருந்தது. 2021-இல் ஆலையை மூடுகிறோம் என்று அறிவித்து, 2022-இல் மூடினார்கள். வேலை போன குடும்பங்கள் அங்கேயே இருந்தபடி மற்றவர்களைப் போலவே ஸ்டேஷனுக்கு நடக்கத் தொடங்கின. ஓர் ஊருக்குப் பல வகை வேலைகள் இருக்க வேண்டும் என்பதை மறைமலைநகரில்தான் தெளிவாகப் பார்க்கலாம்.

"வரப்போகிறது" என்பதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. மெட்ரோ வரப்போகிறது, புதிய ஸ்டேஷன் வரப்போகிறது, எட்டுவழிப் பாதை வரப்போகிறது என்று சதுர அடிக்கு விலை ஏற்றுவார்கள். கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறந்த நாளில் அதற்கு எதிரே ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சோடு வந்திறங்கிய மக்கள் வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ போய்த்தான் ரயிலேற வேண்டியிருந்தது. அறிவிப்பை நம்பி முன்கூட்டியே அங்கே குடிபோனவர்கள் எத்தனை மழைக்காலம் அந்தச் சாலையில் நின்றிருப்பார்கள். இன்று ஓடுகிற வண்டி, இன்று எரிகிற விளக்கு, இன்று வருகிற குடிநீர், இவற்றை வைத்து வாடகையைப் பேச வேண்டும்.

2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரத் திட்டப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அரக்கோணமும் இப்போது அதற்குள். காகிதத்தில் கோடு விரிவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நெறிமுறையோடு மனை பிரிக்க அது உதவலாம். ஆனால் இந்த ஊர்களின் ஏரிகளையும் சந்தைகளையும் மருத்துவமனைகளையும் அப்படியே காப்பாற்றிக்கொண்டு விரியுமா, அல்லது எல்லாவற்றையும் சென்னைக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற ஒற்றை எண்ணாக மாற்றிவிடுமா என்பதை அங்கே குடிபோகிற நாம்தான் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். கிராமசபையிலும் வார்டு கூட்டத்திலும் ஏரியைப் பற்றிப் பேச, புதிதாக வந்தவர்கள் தயங்குகிறார்கள். நமக்கெதற்கு வம்பு, வாடகைக்கு வந்தவர்கள்தானே என்று. தண்ணீர் வரும்போது சொந்த வீடா வாடகை வீடா என்று பார்த்து வருவதில்லை.

பழைய மாமல்லபுரம் சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அலுவலகம் சிறுசேரியிலோ நாவலூரிலோ என்றால் ரயில் தடத்து ஊர்கள் உங்களுக்கு உதவாது. வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வரைபடத்தில் குறுக்கு வழியாகத் தெரியும். காலை எட்டரைக்கு அந்தச் சாலையில் போய்ப் பார்த்த பிறகு பேசுங்கள். கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கமே தேடுவது நல்லது.

மற்றவர்களுக்கு, அதாவது எழும்பூரிலோ கிண்டியிலோ பூங்கா நகரிலோ வேலை, வீட்டில் வயதான பெற்றோர், பள்ளிக்குப் போகிற பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு என் யோசனை இதுதான். செங்கல்பட்டிலோ திருவள்ளூரிலோ பழைய ஊருக்குள், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில், முதலில் வாடகைக்குப் போங்கள். வீடு வாங்க ஒதுக்கிய முன்பணம் வங்கியிலேயே இருக்கட்டும். ஐப்பசியும் கார்த்திகையும் அந்தத் தெருவில் ஒரு முறை பெய்து ஓய்ந்த பிறகு வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.